எலிஸ் எஸ்1-ல ரோவர் இன்ஜினை எடுத்துட்டு ஹோண்டா கே20 போடலாமா?

கேள்வி, 9 ஜனவரி 2022

1998 லோட்டஸ் எலிஸ் எஸ்1 ஒண்ணு பேசி வச்சிருக்கேன். பாடி சூப்பரா இருக்கு, ஆனா ரோவர் இன்ஜின்னாலே ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட மேல் பாதி ஹெட்டுக்கும் கீழ் பாதி பிளாக்குக்கும் நடுவுல இருக்குற அடைப்பு) போயிடும்னு ஊரே சொல்லுது. அதனால வாங்குன கையோட அதைத் தூக்கிட்டு ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரோட கே20 இன்ஜினைப் போட்டுடலாம்னு இருக்கேன். கிட் கிடைக்குது, ரெண்டு வீக்கெண்ட் வேலைதான்னு சொல்றாங்க. 120 குதிரை இருந்த இடத்துல 200. போடாம இருக்க ஒரே ஒரு காரணம் சொல்லுங்க பாப்போம்.

9 ஜனவரி 2022, ராத்திரி

ரெண்டு வீக்கெண்ட்ல பழைய இன்ஜின் வெளிய வந்துடும், அது உண்மை. புதுசும் உள்ள உக்காந்துடும், அதுவும் உண்மை. அதுக்கப்புறம் தான் வேலையே ஆரம்பிக்கும்.

நான் கோவென்ட்ரில இருக்கேன், எஸ்1 வச்சிருக்கேன், ரோவர் இன்ஜினோட பல வருஷம் ஓட்டிட்டு இப்போ கே20 போட்டு ஓட்டுறேன், அதனால வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா "கேஸ்கெட் போகும், அதனால மாத்துறேன்"ங்கிற காரணம் மட்டும் எனக்கு ஒத்துக்கல. அந்தக் காரணத்துக்கு இவ்ளோ பெரிய வைத்தியம் தேவையில்ல. நாளைக்கு விவரமா எழுதுறேன், தூக்கம் வருது.

10 ஜனவரி 2022

ரோவர் கே சீரிஸ் 1989-ல வந்தப்போ ரொம்ப புத்திசாலித்தனமான இன்ஜின். முழுக்க அலுமினியம், ஹெட், பிளாக், கீழ பேரிங் லேடர், ஆயில் ரெயில் எல்லாத்தையும் பத்து நீள போல்ட் மேலருந்து அடி வரைக்கும் ஒரே பிடியா பிடிச்சு வச்சிருக்கும். எடை கம்மி, அதனாலதான் லோட்டஸ் அதை எடுத்தாங்க. முதல்ல 1.1, 1.4-ன்னு சின்ன இன்ஜினா இருந்ததை அப்புறம் 1.8 வரைக்கும் பெருசாக்குனாங்க, தொல்லை அதிகமா கேள்விப்படுறது அந்த 1.8-லதான்.

கேஸ்கெட் ஏன் போகுதுன்னா ஒரே காரணம் கிடையாது. ஹெட்டையும் பிளாக்கையும் நேரா நிறுத்துற டவல் பின்னை (சின்ன முளை) கொஞ்ச காலம் பிளாஸ்டிக்ல போட்டாங்க, அதனால ஹெட் லேசா நகரும், நகந்து நகந்து கேஸ்கெட் மேல இருக்குற சிலிகான் வரி பிச்சுக்கும். லைனர் (பிஸ்டன் ஓடுற உருளை) பிளாக் மட்டத்துக்கு மேல இம்மி அளவு தூக்கி நிக்கணும், அது இறங்கிட்டா பிடி போச்சு. இன்ஜினுக்குள்ள இருக்குற கூலண்டே கொஞ்சம்தான், எலிஸ்ல ரேடியேட்டர் முன்னாடி, இன்ஜின் பின்னாடி, நடுவுல கார் நீளத்துக்கும் பைப். தெர்மோஸ்டாட் திறந்ததும் அவ்ளோ தூரத்துலருந்து பச்சைத் தண்ணி ஒரே மூச்சா சூடான இன்ஜினுக்குள்ள போய் விழும். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்ல சொட்டு சொட்டா ஒழுகினாக்கூட கண்ணுக்குத் தெரியாது, இருக்குறதே கொஞ்சம்ங்கறதால சீக்கிரம் காலியாயிடும், தண்ணியே இல்லாத இடத்துல சென்சாரும் ஒழுங்கா சூடு காட்டாது. இதையெல்லாம் சேத்துத்தான் ஊர்ல "ரோவர் கேஸ்கெட்"னு ஒரே பேர்ல சொல்றாங்க.

பரிகாரம் எல்லாமே தெரிஞ்சதுதான். ஸ்டீல் டவல் பின், பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட், பலப்படுத்துன ஆயில் ரெயில், தெர்மோஸ்டாட்டை வெளிய தள்ளி வைக்கிற மாற்றம், நல்ல அலுமினிய ரேடியேட்டர். லைனர் உயரத்தை அளந்து பாத்துப் போட்டா நிக்கும். என்னோடது நின்னுச்சு.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, ஹெட்டைக் கழட்டி வச்சுட்டு க்ராங்கைச் சுத்தக் கூடாது. லைனர் மேல வந்துடும், அதுக்குன்னு கிளாம்ப் இருக்கு, அதைப் போட்டுட்டுத்தான் சுத்தணும். திரும்ப மாட்டுறப்போ பத்து போல்ட்டுக்கும் வரிசைப்படி முதல்ல 20 நியூட்டன் மீட்டர், அப்புறம் அரைச் சுத்து, மறுபடி ஒரு அரைச் சுத்து. அந்தக் கடைசி அரைச் சுத்துல போல்ட் கிரீச்சுன்னு முனகும் பாருங்க, வயித்தைக் கலக்கும். உடைஞ்சிடும்னு பாதில நிறுத்திடாதீங்க, அது அப்படித்தான் முனகும்.

10 ஜனவரி 2022

"லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர்ல இதே 1.8 எல்லாருக்கும் போச்சே"ன்னு ஒருத்தர். அவ்ளோ கனமான வண்டியை இந்தச் சின்ன இன்ஜின் இழுத்துக்கிட்டுப் போனா வேற என்ன ஆகும். எலிஸ் அதுல பாதி எடை.

11 ஜனவரி 2022

கார் வாங்கப் போறப்போ இதைப் பாருங்க, மேல விட்டுட்டேன். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து உள்பக்கம் பாத்தா பால் கலந்த காபி மாதிரி கெட்டியா ஒட்டியிருந்தா சந்தேகப்படணும். கொஞ்ச தூரம் மட்டுமே ஓட்டுற கார்ல குளிர்காலத்துல ஈரம் படிஞ்சும் அப்படி வரும், அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. கூலண்ட் பாட்டிலையும் திறந்து பாருங்க, அதுலயும் எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தா விலையைக் குறைச்சுப் பேசலாம். முக்கியமா இன்ஜின் சில்லுன்னு இருக்குறப்போ போங்க, வித்தவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுத் திரும்பிடுங்க.

15 ஜனவரி 2022

"ஹோண்டா இன்ஜின் போட்டா அது லோட்டஸே இல்ல, ஒரிஜினாலிட்டி போச்சு"ன்னு ஒரு பெரியவர் கோவமா எழுதியிருக்கார். ஐயா, லோட்டஸ் என்னைக்கு சொந்த இன்ஜினை நம்பி மட்டும் பொழைச்சாங்க? 1962 ஈலான்ல இருந்தது ஃபோர்டு பிளாக், மேல ட்வின் கேம் ஹெட் மட்டும் இவங்க வச்சாங்க. 1966-ல வந்த யூரோப்பால ரெனோ 16 இன்ஜினைத் திருப்பி வச்சு நடுவுல உக்கார வச்சாங்க. எலிஸ்ல இருந்தது சாதாரண ரோவர் குடும்பக் கார்ல ஓடுன அதே கே சீரிஸ். 2004-ல எலிஸ் 111ஆர் வந்தப்போ அவங்களே ரோவரை விட்டுட்டு டொயோட்டா 2இசட்இசட் இன்ஜினை வாங்கிப் போட்டாங்க. அடுத்தவங்க வீட்டு இன்ஜினைக் கொண்டு வந்து வைக்கிறதுதான் அந்தக் கம்பெனியோட பரம்பரைத் தொழிலே.

அந்தக் கார்ல தொடக் கூடாத ஒரிஜினல்னு ஒண்ணு இருக்குன்னா அது சேசிஸ். அலுமினிய எக்ஸ்ட்ரூஷனை வெல்டு பண்ணாம பசை போட்டு ஒட்டுனது, 68 கிலோதான், அதை ஒட்டித் தந்தது ஹைட்ரோ கம்பெனி டென்மார்க்ல. அதுல ட்ரில் மிஷினை வச்சா நானும் அந்தப் பெரியவரோட சேந்து கத்துவேன்.

16 ஜனவரி 2022

நம்பர் கேட்டாங்க. ரோவர் 1.8: 1796 சிசி, 118 பிஎச்பி 5500 ஆர்பிஎம்ல, 165 நியூட்டன் மீட்டர் 3000-ல. கார் எடை லோட்டஸ் அறிவிச்சப்போ 725 கிலோ. ஹோண்டா கே20ஏ2, அதாவது இங்க ஸ்விண்டன்ல செஞ்ச இபி3 மாடல் சிவிக் டைப் ஆர்ல வந்தது: 1998 சிசி, போர் ஸ்ட்ரோக் ரெண்டும் 86 மில்லி, 200 பிஎஸ் 7400-ல, 196 நியூட்டன் மீட்டர் 5900-ல. ஜப்பான் இன்டெக்ரா டைப் ஆர் கே20ஏ இன்னும் ஒரு படி மேல, 220 பிஎஸ் 8000-ல.

இதுல யாரும் கேக்காத நம்பர் எடைதான். என் கார்ல நாலு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வச்சுப் பாத்தப்போ சுமார் 45 கிலோ கூடியிருந்தது, அதுல பெரும்பகுதி பின் அச்சு மேல. இந்தக் கார்ல எடை ஏற்கெனவே பின்னாடிதான் அதிகம், முன்னாடி 185 டயர், பின்னாடி 205 டயர்னு அதுக்காகத்தான் வச்சான். அதுல இன்னும் பின்னாடி ஏத்துறோம். ஏத்தலாம், ஆனா ஸ்பிரிங், டேம்பர், வீல் அலைன்மெண்ட் எல்லாம் அது கூடவே மாறணும், அதை யாரும் கிட் விலைல சேத்துச் சொல்றதில்ல.

2 பிப்ரவரி 2022

இன்ஜினை எடுக்க எந்த டோனர் கார் வாங்குறது? கொஞ்சம் சுருக்கமா சொல்றேன்.

இபி3 (2001-05) எடுங்க. த்ராட்டில் கேபிள்ல இயங்குது, எலிஸ்லயும் கேபிள், முடிஞ்சுது. பவர் ஸ்டீயரிங் எலெக்ட்ரிக்ங்கறதால இன்ஜின்ல ஸ்டீயரிங் பம்ப் தொங்காது. அதுக்கப்புறம் வந்த எஃப்என்2 டைப் ஆர்ல த்ராட்டில் மின்சார ஒயர் வழியா, பெடல்லேருந்து எல்லாத்தையும் சேத்து மாத்தணும். ஜப்பான் இன்டெக்ரா இன்ஜின் ஆசையா இருக்கும், ஆனா விலையைக் கேட்டா ஆசை அடங்கிடும்.

முழுக் கார் வாங்க முடிஞ்சா வாங்குங்க, மோதி ரைட் ஆஃப் ஆன வண்டியா இருந்தாலும் பரவால்ல. தனியா இன்ஜின் வாங்கினா சென்சார், பிராக்கெட், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), சாவின்னு ஒவ்வொண்ணா தேடி வாங்குறதுல காசு கரையும். கியர்பாக்ஸ் ஆறு ஸ்பீடு, இன்ஜினோடயே வரும். இன்னொரு அதிர்ஷ்டம் என்னன்னா, இபி3 டயர் 205/45 17, எலிஸ் பின் டயர் 205/50 16, கணக்குப் போட்டா ரெண்டோட விட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 616 மில்லிக்கும் 611 மில்லிக்கும் உள்ள வித்தியாசம். அதனால கியரிங் ஹோண்டாக்காரன் நெனச்ச மாதிரியே அப்படியே வந்துடுது. அவன் நெனச்சதே குட்டை கியர்தான், ஆறாவதுல 70 மைல் போறப்போ 3500 பக்கம் சுத்தும். மோட்டார்வேல ரெண்டு மணி நேரம் போனா காதுல ரீங்காரம் நிக்க அடுத்த நாள் ஆகும்.

20 பிப்ரவரி 2022

இப்போ ரெண்டு வீக்கெண்ட் கதைக்கு வருவோம். கேள்வி கேட்டவர் இன்னும் கார் வாங்கலயாம், நல்லது.

மவுண்ட்: கிட்ல வர்றது இதுதான், இதுல சிக்கல் இல்ல. பழைய மவுண்ட் பாயிண்ட்லயே உக்கார்ற மாதிரி செஞ்சிருப்பாங்க, சேசிஸ்ல கை வைக்கத் தேவையில்ல. பின்னாடி இருக்குற சப்ஃப்ரேம் ஸ்டீல், அதைத் தனியா கழட்டலாம். ரப்பர் எவ்ளோ கெட்டியா இருக்கணும்ங்கிறதுதான் கேள்வி. கெட்டியான பாலியூரித்தேன் போட்டா கியர் போடுறது கச்சிதமா இருக்கும், சிக்னல்ல நிக்கிறப்போ கண்ணாடில பின்னாடி என்ன வருதுன்னு தெரியாது, எல்லாம் நடுங்கும். நான் நடுத்தரமா ஒண்ணு போட்டேன்.

டிரைவ்ஷாஃப்ட்: உள்பக்கம் ஹோண்டா, வெளிப்பக்கம் லோட்டஸ், அதனால புதுசா செஞ்சுதான் ஆகணும். வலது பக்கம் ஹோண்டாவோட இடைநிலை ஷாஃப்டையே வச்சுக்கலாம், அப்போ ரெண்டு பக்கமும் நீளம் ஏறக்குறைய சமமா வரும். நீளம் சரியான்னு பாக்க சஸ்பென்ஷனை முழுசா மேலயும் கீழயும் தள்ளிப் பாக்கணும், காரை ஜாக்கில நிறுத்தி தொங்கவிட்டு மட்டும் அளந்தா போதாது. மேல ஏறுறப்போ ஜாயிண்ட் அடிச்சு முட்டுனா கியர்பாக்ஸ் பேரிங்தான் அடி வாங்கும்.

கியர் கேபிள்: கிட்ல ஒண்ணு வந்தது, மாட்டிப் பாத்தா மூணாவது கியர் எங்க இருக்குன்னு ஜோசியம் பாக்க வேண்டியிருந்தது. வேற கேபிள் வாங்கி, அது போற பாதையை எக்ஸாஸ்ட்லேருந்து தள்ளி வச்சதும் சரியாச்சு.

வயரிங்: ஆள் ஆளுக்கு இங்கதான் கை விட்டுடுறாங்க. ஹோண்டா இன்ஜின் ஹார்னெஸ்ல பாதிக்கு மேல நமக்குத் தேவையே இல்ல, ஏசி, ஹீட்டர் பாக்ஸ், சிவிக் டேஷ்போர்டு சம்பந்தப்பட்டது எல்லாம். அதை மேசை மேல விரிச்சு, ஒவ்வொரு ஒயரா படத்தோட ஒத்துப் பாத்து, வேணாததை உருவி, வேணுங்கிறதை நீட்டி, மறுபடி துணி டேப் சுத்தணும். சாவி இல்லாம இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விடாது, ஹோண்டேட்டா கே ப்ரோ இசியு போட்டா அதை அணைச்சுடலாம், விடெக் (மேல் ஆர்பிஎம்ல கேமை மாத்துற ஹோண்டா ஏற்பாடு) எந்த ஆர்பிஎம்ல மாறணும், இன்டேக் கேம் எவ்ளோ சாயணும் எல்லாத்தையும் லேப்டாப்ல மாத்தலாம். எலிஸ்ல இருக்குற ஸ்டேக் மீட்டர் இருக்கே, அதுக்கு ஆர்பிஎம் சிக்னலும் கூலண்ட் சூடும் ஒழுங்கா போய்ச் சேரணும். ஆர்பிஎம் வந்துடுச்சு. சூடு மட்டும் ரொம்ப நாள் பொய் சொல்லிக்கிட்டே இருந்தது, கடைசில ரோவர் சென்சாரையே ஹோண்டா ஹவுசிங்ல திருகற மாதிரி ஒரு அடாப்டர் கடைஞ்சு போட்டேன். அந்த அடாப்டர் பித்தளை, சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், இந்த மொத்த புராஜெக்ட்லயே எனக்குப் பிடிச்ச பார்ட் அதுதான்.

இதுல எதுவும் கஷ்டமான வேலை கிடையாது. ஆனா ஒவ்வொண்ணும் அடுத்ததுக்காகக் காத்திருக்கும், பார்ட் வர்றதுக்கு வாரக்கணக்கா ஆகும், அதுக்குள்ள குளிர்காலம் வந்துடும், கராஜ்ல விரல் விறைச்சுப் போயிடும்.

ஒரு வசதி சொல்லலாம். எஸ்1-ல பிரேக்குக்கு செர்வோவே (வாக்குவம்ல இயங்குற பிரேக் உதவி) கிடையாது, ஏபிஎஸ்ஸும் கிடையாது. வேற கார்ல வாக்குவம் எங்கருந்து எடுக்குறதுன்னு தலையைப் பிச்சுக்குவாங்க, நமக்கு அந்தப் பிரச்சனையே இல்ல.

21 பிப்ரவரி 2022

செலவு எவ்ளோன்னு கேட்டு மூணு பேர். தொகை சொன்னா நாளைக்கே பழசாயிடும். விகிதம் சொல்றேன்: இன்ஜின் கியர்பாக்ஸ்க்குக் கொடுத்தது மொத்தத்துல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மிச்சம் எல்லாம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், இசியு, ஹோஸ், கிளிப், திரவம், கூரியர். கூரியரையும் சேத்துத்தான் சொல்றேன், சிரிக்காதீங்க. அதே காசுல ரோவர் இன்ஜினை நல்ல ஆள்கிட்ட கொடுத்து முழுசா கட்டி, மேல விவிசி ஹெட்டும் (வால்வ் திறக்குற நேரத்தை மாத்துற ரோவர் ஹெட்) வைக்கலாம். 1999-ல வந்த எலிஸ் 111எஸ்ல அந்த விவிசி 143 பிஎச்பி கொடுத்தது, கார் எடையும் ஏறாது.

5 மார்ச் 2022

கூலிங். முன் ரேடியேட்டரைத் தொடணும்னா எஸ்1-ல முன் க்ளாம் முழுசா கழட்டணும், அதாவது காரோட முன்பக்க ஃபைபர் தோல் மொத்தமா ஒரே பீஸா வரும். ரெண்டு பேர் வேணும். வீட்ல இருக்குறவங்களைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லாதீங்க, பெயிண்ட்ல கீறல் விழுந்தா அன்னைக்கு ரெண்டு பஞ்சாயத்து.

எப்படியும் கழட்டுறீங்கல்ல, அப்பவே பழைய பிளாஸ்டிக் டேங்க் வச்ச ரேடியேட்டரைத் தூக்கிட்டு முழு அலுமினியம் போட்டுடுங்க. ஹோண்டா இன்ஜின் இன்னும் கூடுதலா சூட்டைத் தள்ளும். பைப் எல்லாம் பழையதே போதும், ரெண்டு முனைலயும் ஹோஸ் அளவு மட்டும் மாறும்.

காத்து எடுக்குறது தனிக் கலை. மூக்கைத் தூக்கி நிறுத்தி ஊத்துங்க, அப்புறம் வாலைத் தூக்கி ஊத்துங்க, ரேடியேட்டர் பிளீட் ஸ்க்ரூவை லேசா திறந்து குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் பொறுங்க. ஹீட்டர் முழுச் சூட்டுல இருக்கணும். கால்கிட்ட சூடா காத்து வந்தா உள்ள தண்ணி ஓடுதுன்னு அர்த்தம். ஆறுனதும் மறுபடி பாத்து ஊத்துங்க, எப்பவும் கொஞ்சம் குடிக்கும்.

19 மார்ச் 2022

பேப்பர் வேலை, இங்கிலாந்துல இருக்குறவங்களுக்கு மட்டும். டிவிஎல்ஏக்கு (வண்டிப் பதிவு ஆபீஸ்) வி5சி பதிவுச் சான்றை அனுப்பி இன்ஜின் நம்பர், சிசி ரெண்டையும் மாத்தணும். 2022-ல இருந்த விதிப்படி பழைய நம்பர் பிளேட்டைத் தக்க வைக்க எட்டுப் புள்ளி தேவைப்பட்டுச்சு: சேசிஸ் 5, சஸ்பென்ஷன் 2, அச்சு 2, கியர்பாக்ஸ் 2, ஸ்டீயரிங் 2, இன்ஜின் 1. மொத்தம் 14. இன்ஜினும் கியர்பாக்ஸும் மாத்துனா மூணு போச்சு, 11 மிச்சம், கவலை இருக்கல. ஆனா சேசிஸ்ஸை வெட்டி மாத்துனா அந்த அஞ்சும் போயிடுச்சு, அஞ்சு இல்லன்னா மிச்சம் எத்தனை இருந்தாலும் செல்லல, க்யூ பிளேட்தான் (வயசும் மூலமும் தெரியாத வண்டிக்குக் கொடுக்குற நம்பர்) கிடைச்சுது. சேசிஸ்ல ட்ரில் போடாதீங்கன்னு ஜனவரில கத்துனதுக்கு இது இன்னொரு காரணம்.

ரோடு டாக்ஸ் மாறாது. 2001 மார்ச்சுக்கு முன்னாடி பதிஞ்ச கார்ல 1549 சிசிக்கு மேலயா கீழயாங்கிறதை மட்டும்தான் பாக்குறான், 1796-ம் 1998-ம் ஒரே தட்டுலதான். எம்ஓடி (வருஷா வருஷம் நடக்குற தகுதிச் சோதனை) புகை டெஸ்ட்ல காரும் இன்ஜினும் எது பழசோ அந்த வருஷ விதி. நல்ல கேட்டலிஸ்ட் இருந்தா கே20 அதைச் சிரிச்சுக்கிட்டே தாண்டும்.

இன்சூரன்ஸ்காரங்ககிட்ட போன்ல சொன்னேன், "இது கம்பெனில போட்ட எக்ஸ்ட்ராவா?"ன்னு கேட்டாங்க. ஆமா, கம்பெனில போட்டதுதான், வேற கம்பெனில. அந்த அம்மா சிரிக்கல. மாடிஃபைடு கார் மட்டும் பாக்குற புரோக்கர்கிட்ட போங்க, அரை மணி நேரம் மிச்சம். சொல்லாம மட்டும் ஓட்டாதீங்க.

30 ஏப்ரல் 2022

ஓட்ட எப்படி இருக்குன்னு இவ்ளோ எழுதியும் சொல்லவே இல்லன்னு திட்டு.

வேகம், சந்தேகமே வேணாம். ரெண்டாவது கியர்ல 6000 தாண்டுறப்போ கேம் மாறி ஒரு கத்து கத்தும் பாருங்க, தலைக்கு ஒரு அடி பின்னாடி அந்தச் சத்தம், நெஞ்சுக்குள்ள இறங்கும். அந்தக் கத்தலுக்காகவே மறுபடி மறுபடி கியரை இறக்கத் தோணும். கேம் ஓடுறது செயின்ல, ரோவர்ல இருந்தது பெல்ட், அந்தப் பயமும் இல்ல. கியர் போடுறது ரோவர் பிஜி1 கியர்பாக்ஸோட ஒப்பிடவே முடியாது.

ஆனா. வார்விக்‌ஷயர் கிராமத்து ரோடுல, ரெண்டு பக்கமும் வேலி, எதிர்ல ட்ராக்டர் வரும், 40-50 மைலுக்கு மேல போக முடியாத இடத்துல, ரோவர் இன்ஜின் கார் நடு ஆர்பிஎம்லயே போதும் போதும்னு இழுத்துக்கிட்டு ஜாலியா போகும். இப்போ அந்த ரோடுல பாதி இன்ஜினைத்தான் உபயோகிக்கிறேன், முழுசா உபயோகிச்சா லைசன்ஸ் போயிடும். வளைவுல திருப்புறப்போ முன்பக்கம் அதே துல்லியம்தான், பின்பக்கம் மட்டும் ஒரு கண நேரம் தாமதிச்சு வருது. ஸ்பிரிங் மாத்துனதும் பாதி போச்சு. மீதி இருக்கு.

14 மே 2022

மேல எழுதுனதைப் படிச்சுட்டு ஒருத்தர் டைனோ (இன்ஜின் சக்தியை அளக்குற மிஷின்) வரைபடம் போட்டிருக்கார், "3000-லயும் ஹோண்டாதான் டார்க் அதிகம், நீங்க சொல்றது பிரமை"ன்னு. வரைபடம் சரிதான், நான் இல்லன்னு சொல்லல. இன்ஜின் கீழயும் பலவீனமா இல்ல, ஒரு லிட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு கூட இருக்கே. நான் சொல்ல வந்தது வேற. ரோவர்ல 3000-க்கும் 5500-க்கும் நடுவுல எல்லாம் கிடைச்சுடும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, மனசு அமைதியா இருக்கும். ஹோண்டால மேல இன்னும் ஒரு மாடி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே கீழ உக்காந்திருக்கணும். டைனோல அது வராது.

பிரமைன்னே வச்சுக்கங்க. காசு போட்டவன் நான், பிரமையும் என்னோடதுதான்.

3 ஜூலை 2022

சம்ப் (இன்ஜின் அடில இருக்குற ஆயில் தொட்டி) பத்தி எழுதாம விட்டது இப்போ ஞாபகம் வந்தது, ஏன்னா மல்லோரி பார்க் ட்ராக் டேக்குப் போயிட்டு வந்தேன். அங்க ஜெரார்ட்ஸ்னு ஒரு வலது வளைவு இருக்கு, முடியவே முடியாது, அரை வட்டம், அதுவும் வேகமான அரை வட்டம். இந்த மாதிரி வளைவுலதான் கே20 சாகும். சம்ப்ல இருக்குற ஆயில் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிடும், பிக்கப் குழாய் காத்தை உறிஞ்சும், 7000-ல சுத்துற பேரிங்க்கு ஒரு நொடி ஆயில் இல்லன்னாலே போதும். சிவிக்ல இந்தப் பிரச்சனை ஏன் பெருசா தெரியலன்னா, அவ்ளோ பிடிமானத்தோட அவ்ளோ நேரம் சிவிக் வளையாது.

அதனால தடுப்புத் தகடும் கதவும் வச்ச சம்ப் கட்டாயம். ஹோண்டா சம்ப் ஏற்கெனவே கீழ தொங்கும், எலிஸ் தரையோட ஒட்டி ஓடுற கார், ஸ்பீடு பிரேக்கர்ல முதல்ல அடி வாங்குறது அதுதான். உயரம் குறைச்சு, அகலம் கூட்டி செஞ்சது கிடைக்குது, அதை வாங்குங்க. ட்ராக்ல அடிக்கடி போறவங்க அக்யூசம்ப் போடுறாங்க, அழுத்தத்துல ஆயிலைச் சேத்து வச்சு, பிரஷர் விழுந்தா உள்ள தள்ளும். நான் போடல, ஆயில் அளவை மேல் கோட்டுக்கு மேல கொஞ்சம் வச்சுக்கிட்டு, பிரஷர் லைட்டைப் பெருசா ஒண்ணு கண்ணு முன்னாடி வச்சிருக்கேன். ஜெரார்ட்ஸ்ல அது ஒரு தடவை கூட எரியல, நானும் அங்க முழு மூச்சா போகல, ரெண்டுல எது காரணம்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

4 ஜூலை 2022

கேள்வி கேட்டவர் கார் வாங்கிட்டார். வாழ்த்துகள். கேஸ்கெட் நல்லா இருக்காம், இன்ஜினும் பிரஷர் டெஸ்ட்ல தேறிடுச்சாம். அப்போ ஒரு வருஷம் அப்படியே ஓட்டுங்க, கையைக் கட்டிக்கிட்டு. கார் எப்படி இருக்கும்னு தெரியாமலே மாத்துனா என்ன மாறுச்சுன்னே தெரியாது.

9 செப்டம்பர் 2023

ஆகஸ்ட் 29-லேருந்து லண்டன் முழுக்க யூலெஸ் (புகை விதிக்கு ஒத்து வராத வண்டிக்குத் தினக் கட்டணம்) வந்துடுச்சுல்ல, ஹாரோலேருந்து ஒரு நண்பர் கேக்குறார்: 2004 ஹோண்டா இன்ஜின் போட்டா யூரோ 4 புகைத் தரம் ஆயிடுமா, தினம் 12.50 பவுண்டு தப்பிக்கலாமான்னு. இன்ஜினை மாத்துனதால மட்டும் கேமரா உங்களை விட்டுடாது, அவன் பாக்குறது நம்பர் பிளேட்டுக்கு எதிர்ல ரெக்கார்டுல என்ன இருக்குங்கிறதை. 12.50 மிச்சம் பண்ண இன்ஜின் மாத்துறது, மழைக்குப் பயந்து வீட்டையே தூக்கி வேற ஊர்ல வைக்கிற கணக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுங்க, காசைக் கட்டுங்க, எசெக்ஸ் பக்கம் ஓட்டுங்க.

10 செப்டம்பர் 2023

கே24, அதாவது இதே குடும்பத்துப் பெரிய ஹோண்டா இன்ஜின், ஏன் போடலன்னு இன்னொருத்தர். 2354 சிசி, ஸ்ட்ரோக் 99 மில்லி, கீழயே நல்லா இழுக்கும், நான் ரோவர்ல பிடிச்சதுன்னு சொன்ன விஷயம் இதுல கிடைக்கும், யோசிக்காம இல்ல. கே24 பிளாக் மேல கே20 ஹெட் வச்சு ஓட்டுறவங்களும் இருக்காங்க. ஆனா பிளாக் உயரம் 212 மில்லிக்குப் பதிலா 231.5, இருபது மில்லிக்கு ஒரு அரை மில்லி கம்மி. இன்ஜினை இறக்கினா சம்ப் தரைல, ஏத்தினா மேல இன்ஜினை மூடுற கவர்ல முட்டும். என் கார்ல கே20-க்கே கவருக்கும் வால்வ் கவருக்கும் நடுவுல விரல் நுழையிற இடம்தான். கவரை வெட்டி மேல ஒரு புடைப்பு ஒட்டலாம். அதைச் செஞ்சா பின் கண்ணாடி வழியா தெரியிற கொஞ்ச ரோடும் தெரியாது.

10 செப்டம்பர் 2023

பழைய ரோவர் இன்ஜினை விக்கிறீங்களான்னு தனியா மெசேஜ் போட்டவங்களுக்கு: இல்ல. கட்டி, ஆயில் ஊத்தி, மூடி வச்சிருக்கேன், மாசம் ஒரு தடவை கையால சுத்தி விடுறேன். பிஜி1 கியர்பாக்ஸ் மட்டும் வேணும்னா வந்து தூக்கிட்டுப் போங்க, ரெண்டாவது சிங்க்ரோ கொஞ்சம் தேஞ்சிருக்கு, விலை பேசிக்கலாம்.